சாரலும் சரளைக் கல்லும்

குற்றாலத்துக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். குளிப்பதற்காகப் போகிறவர்கள் முதல் வகை. குளித்துவிட்டுச் சாப்பிடுவதற்காகப் போகிறவர்கள் இரண்டாம் வகை. சாப்பிட்டானதும் மறுபடியும் குளிக்கக் கிளம்புகிறவர்கள் மூன்றாம் வகை. இவ்வருஷத்துச் சாரல் காலத்தில் நாம் இம்மூன்றிலும் சேராமல், சைக்கிள் விடுவதற்காகத் தென்காசிப் பக்கம் போனோம் என்று சொன்னால், நேயர்கள் நம் புத்தியைப் பற்றிச் சந்தேகம் கொள்ளக்கூடும். நம் தங்கையும் அப்படித்தான் சந்தேகப்பட்டாள்.

திண்ணையில் நின்ற சைக்கிள்

தென்காசிக்கு அடுத்த ஒரு சிற்றூரில் நம் தங்கை குடியிருக்கிறாள். அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு புதிய சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குச் சர்க்கார் விலையின்றி வழங்கும் சைக்கிள் அது. அதன் ஹாண்டில்பாரில் துணி உலர்ந்து கொண்டிருந்தது. பின்னால் இருந்த காரியரில் ஒரு கோழி கொலு வீற்றிருந்தது. சைக்கிளுக்கு உரியவளான தங்கை மகளோ பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கி வந்து கொண்டிருந்தாள்.

"ஏன் அம்மா, சைக்கிள் இருக்கப் பஸ் எதற்கு?" என்று கேட்டோம்.

"அம்மா விட மாட்டா மாமா" என்றாள்.

தங்கை அடுப்பங்கரையிலிருந்தே பதில் சொன்னாள்: "அண்ணே, நீங்க நாலு நாள் இருந்துட்டுப் போயிருவீங்க. மெயின் ரோட்டுல லாரி போற போக்கைப் பார்த்தீங்களா? அதுக்கு நடுவுல பிள்ளையை அனுப்பிட்டு நான் இங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கவா?"

அவள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசீய நெடுஞ்சாலையில் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் புளியரையைத் தாண்டி மலையாள தேசத்துக்கு இரவும் பகலும் போகின்றன. சாரல் காலத்தில் மோட்டார் கார்களும் சேர்ந்துகொண்டால், ரஸ்தாவில் சைக்கிளுக்கு மிஞ்சுவது ஒரு முழ அகலந்தான்.

ஆனால் பஸ்ஸுக்கும் ஒரு குறை உண்டு. பள்ளிக்கூடத்தில் மாலை நாலரை மணிக்குக் கணக்குப் பாடத்துக்குத் தனி வகுப்பு ஆரம்பமாகிறது. ஊர்ப் பஸ் நாலே முக்காலுக்குப் புறப்பட்டு விடுகிறது. பெண் கால் மணி நேரக் கணக்கோடு வீடு திரும்புகிறாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பெரிய பரீட்சை. எஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்ற ஆசை வேறு. ஆகவே திண்ணையில் நின்ற அந்தச் சைக்கிள் நமக்கு வெறும் சைக்கிளாகத் தோன்றவில்லை.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ஆம் ஆண்டில் நடந்த அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்ததோடு சைக்கிள் விடவும் கற்பித்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். வயல் வேலை செய்யும் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் ஆயிரக் கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். தமிழ் நாட்டில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் வந்து விட்டது. ஓட்டவும் தெரிந்து விட்டது. ஓட்டுவதற்குப் பயமில்லாத பாதைதான் வரவில்லை. அந்தப் பாதையைத் தேடிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

பழைய கள், புதிய மொந்தை

மேல்நாடுகளில் இப்போது 'கிராவல் சைக்கிள்' என்று ஒன்று பிரபலமாயிருக்கிறது. தார் ரஸ்தாவையும் மோட்டார் நெரிசலையும் விட்டு விலகி, சரளைக்கல் பரப்பிய கப்பிப் பாதைகளில் மலையோரமாகவும் கடலோரமாகவும் சவாரி செய்வதுதான் அது. இத்தாலியில் டஸ்கனி மாகாணத்தின் வெள்ளைக் கப்பிப் பாதைகளைத் தார் விழுங்கிவிடாமல் காக்க வேண்டும் என்று 1997-ல் 'லெரோயிகா' என்ற பழைய சைக்கிள் சவாரியை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்துச் சரளைப் பாதைகளில் 2006-ல் தொடங்கிய இருநூறு மைல் பந்தயம் உலகப் பிரசித்தி அடைந்து விட்டது. 2022-ல் இத்தாலியில் இதற்கென்று முதலாவது உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1880-ல் அமெரிக்கச் சைக்கிள்காரர்கள் சங்கம் கூட்டியபோது, 'நல்ல ரஸ்தா போடுங்கள்' என்று கிளர்ச்சி செய்வது அவர்களுடைய பெரிய வேலையாயிருந்தது. ரஸ்தா வந்தது. அதன் மேல் மோட்டார் வந்தது. மோட்டாரோ சைக்கிளையே ரஸ்தாவை விட்டு இறக்கி விட்டது. இப்போது சைக்கிள்காரர்கள் பழைய மண் பாதைகளைத் தேடிப் போகிறார்கள்!

கிராவல் சைக்கிளின் விசேஷம் அதன் டயரில் இருக்கிறது. பந்தய சைக்கிளின் டயர் இருபத்தைந்து, இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலமிருக்கும். இதற்கு நாற்பது மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். காற்றையும் மிதமாகவே அடிக்க வேண்டும். கல்லைப் போல் காற்றடித்த டயர் ஒவ்வொரு சரளைக் கல்லின் மேலும் துள்ளும். நம் பலமெல்லாம் அந்தத் துள்ளலில் விரயமாகும். இளகிய டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே உருளும்.

இதைப் படித்தவுடன் நம் நாட்டுத் தபால்காரரும் பால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரைப் பார்த்தோம். 'இருபத்தெட்டுக்கு ஒன்றரை' என்று அதில் பொறித்திருந்தது. ஒன்றரை அங்குலம் என்பது முப்பத்தெட்டு மில்லிமீட்டர்! ஆக, மேல்நாட்டார் பெரும் பொருள் செலவிட்டு இப்போது கண்டுபிடித்ததை நம் பாட்டனார் கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்றே ஓட்டியிருக்கிறார். தங்கையின் மாமனார் விட்டுச் சென்ற அப்படிப்பட்ட சைக்கிள் ஒன்று மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டு நாம் எடுத்துக்கொண்டோம். பெண் கோழியை எழுப்பினாள்.

குளம் விட்டுக் குளம்

விடியற்காலையில் தென்காசிக் கோபுர வாசலிலிருந்து புறப்பட்டோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் அது. நெடுங்காலம் இடிந்து நின்ற ராஜ கோபுரம் திரும்பக் கட்டப்பெற்று 1990-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று அந்த வாசலில் ஆளைத் தள்ளுவது பிரசித்தம். சைக்கிள்காரனுக்கு அது ஒரு பாடம். சாரல் காலத்தில் போகும்போது மேற்கு முகமாகப் போக வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கையில் எதிர்க்காற்றைச் சமாளித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

மேலகரத்தைத் தாண்டி வயல் பாதையில் இறங்கினோம். சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, அருவியாய் விழுந்து, சமவெளியில் அணைக்கட்டுக்குப் பின் அணைக்கட்டாகக் கால்வாய்களுக்கு நீர் கொடுத்துப் போகிறது. கால்வாய் குளத்தை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. இப்படி மாலை தொடுத்தாற்போல் குளங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கரை; கரையின் மேல் செம்மண்ணும் சரளையுமான ஒரு வண்டிப் பாதை. நீர் போகும் வழியைத் தொடர்ந்தால், ஊர் விட்டு ஊர் லாரியின் முகத்திலேயே விழிக்காமல் போய்விடலாம் என்பதைப் பெண்தான் முதலில் கண்டு சொன்னாள்.

கடற்கரையோரச் சவாரியை மேல்நாட்டார் வெகுவாகப் புகழ்கிறார்கள். தென்காசிக்குக் கடல் இல்லை. ஆனால் ஆடி மாதத்துக் காற்றில் குளத்து நீர் அலையெழும்பிக் கரைக் கற்களில் மோதித் தெறித்து நம் காலை நனைத்தபோது, கடல் இல்லாத குறை தோன்றவில்லை. இடது புறம் நாற்று நட்ட வயல். வலது புறம் நீர்ப்பரப்பு. அதற்கப்பால் திரிகூட மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன.

பின்னர் ஆயிரப்பேரி வழியாகப் பழைய குற்றாலம் வரை போனோம். 2024 மே மாதத்தில் அங்கே திடீரென்று இறங்கிய வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டு போயிற்று. மலை மேல் பெய்யும் மழையைக் கீழே நிற்பவர் அறிய முடியாது. ஆகையால் காவலர் சொல்லைத் தட்டாமல் தள்ளி நின்றே அருவியைப் பார்த்தோம். காப்புக் காட்டுக்குள் செல்லும் பாதைகளிலும் சைக்கிளை விடவில்லை. அவை யானைக்கும் பன்றிக்கும் உரியவை.

தெற்கே மத்தளம்பாறையில் ஸோஹோ கணிப்பொறிக் கம்பெனியின் காரியாலயம் இருக்கிறது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு இந்தக் கிராமப் பாதைகளில் சைக்கிள் விடுவதைப் பத்திரிகைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். "கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னைக்குத்தான் போகணும்னு இல்லையே மாமா" என்றாள் பெண்.

கரை மேல் ஒரு வழக்கு

திரும்புகையில் ஒரு கரையில் உடைமுள் நம் டயரைப் பதம் பார்த்தது. டியூபைக் கழற்றிக் குளத்து நீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பெண் கண்டுபிடித்தாள். மடையடியில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார். பாதையின் அழகை நாம் வாயாரப் புகழ்ந்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இது அழகு. ஐப்பசியில வந்து பாருங்க. சேறு முழங்கால் வரைக்கும் வாங்கும். உர மூட்டையைத் தலையிலதான் சுமக்கணும். தார் போடச் சொல்லி எழுதிக் கொடுத்து ரெண்டு வருசமாச்சு" என்றார்.

நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு நாள் சவாரிக்கு வந்தவன் ரசிப்பதற்காக, வருஷம் முழுவதும் உழைக்கிறவன் சேற்றில் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

பெண் சும்மாயிருக்கவில்லை. "தாத்தா, தார் போட்டா லாரியும் இந்த வழியா வருமே. கரை தாங்குமா?" என்று கேட்டாள்.

பெரியவர் யோசித்தார். மண் கரை வண்டிக்காகக் கட்டியதே தவிர, லாரிக்காகக் கட்டியதல்ல. பாரம் ஏறினால் கரை அமுங்கும், மடை விரிசல் விடும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது தார் அல்ல, சேறில்லாத பாதை. பள்ளங்களில் சரளை கொட்டி, நடுவை மேடாக்கி, மழை நீர் ஓரத்தில் வடியும்படி இறுக்கினால் கப்பிப் பாதையிலும் உர மூட்டை போகும், சைக்கிளும் போகும்.

"இரண்டு முனையிலும் கல் நட்டுவிட்டால் லாரி வராதே" என்றோம் நாம், புத்திசாலித்தனமாக.

"டிராக்டர் எப்படி வரும்?" என்றார் அவர். பிறகு அவரே, "ஒசரத்துல ஒரு கம்பி போடச் சொல்லலாம். டிராக்டர் நுழையும், லாரி நுழையாது. வைக்கப்போர் வண்டி கீழ் வழியா சுத்திப் போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகஸ்டு 15-ஆம் தேதி கிராம சபை கூடும்போது அதைச் சொல்லச் சம்மதித்தார். மனுவை எழுதித் தரும் பொறுப்பு பெண்ணுடையது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் தானே அந்தக் கரை வழியாகப் பள்ளிக்கூடம் வரை நடந்து போய்ப் பார்த்து வந்தாள். பிறகு மூன்று நிபந்தனைகள் விதித்தாள். அடுத்த தெருப் பெண்கள் இருவரும் கூட வர வேண்டும். விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர வேண்டும். ஐப்பசி மழையில் கரை சேறானால் மறுபடியும் பஸ்தான்.

ஆகவே அந்தப் பெண் ஐப்பசியிலும் கணக்கு வகுப்புக்கு இருப்பாளா என்பது, பத்து வண்டிச் சரளையையும் ஓர் இரும்புக் கம்பியையும் பொறுத்ததாக இருக்கிறது. நேயர்களின் ஊர்களிலும் இப்படி ஒரு குளக்கரையும், திண்ணையில் ஒரு சைக்கிளும் இருக்கக்கூடும். இரண்டையும் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள்.

நாம் ஊருக்குப் புறப்பட்ட அன்று மூன்று சைக்கிள்கள் வாசலில் மணியடித்தன. கோழி வெகு கோபமாகத் திண்ணையில் உலாவிக் கொண்டிருந்தது.