நீங்க கட்டற ரோடு டாக்ஸ் உங்க தெரு பிளாட்பாரத்துக்கு வருதா?

முதல் கார் வாங்கப் போறவங்க பலர் ஷோரூம் கொட்டேஷனை அனுப்பி, "இதுல எதைக் குறைக்கலாம்?"னு கேக்கறாங்க. இன்சூரன்ஸை வெளியில வாங்கலாம். ஆக்சஸரீஸ் வேண்டாம்னு சொல்லலாம். ஹேண்ட்லிங் சார்ஜை எடுக்கச் சொல்லி சண்டையே போடலாம். ஆனா ரோடு டாக்ஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல மட்டும் பேரம் கிடையாது.

அந்த வரியைப் பத்தி வீடியோ போட்டப்போ கமெண்ட்ல அதிகமா வந்த கேள்வி இதுதான்: "இவ்வளவு கட்டறோம், வீட்டை விட்டு இறங்கினா நடக்க பிளாட்பாரம் இல்லையே, இந்தக் காசெல்லாம் எங்கே போகுது?" கோபத்துல கேட்டாலும் நியாயமான கேள்வி. வீடியோல ரெண்டு நிமிஷத்துல சொன்னதை இங்கே விரிவா எழுதறேன்.

முதல்ல எவ்வளவு கட்டறோம்னு பார்ப்போம். 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு ஆயுட்கால வரியை மாத்தினாங்க. கார் விலை 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. பைக், ஸ்கூட்டர்னா 1 லட்சம் வரை 10 சதவீதம், தாண்டினா 12.

9 லட்ச ரூபாய் கார்னா ₹1,17,000. இதை கையிலிருந்து கட்டினா ஒரு கணக்கு. ஆன்-ரோடு விலைக்கே லோன் வாங்கினா வேற கணக்கு. 9 சதவீத வட்டி, 7 வருஷம்னு வெச்சா இந்த வரிக்கு மட்டும் மாசம் சுமார் ₹1,880 இஎம்ஐ. மொத்தமா ₹1.58 லட்சம் போயிருக்கும். அரசாங்கத்துக்குப் போனது 1.17 லட்சம்தான். மிச்சம் 41,000 பேங்குக்கு. முடிஞ்சவரை ரோடு டாக்ஸையாவது சொந்தக் காசுல கட்டுங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

இன்னொரு விஷயம், இது இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி இல்லை. இன்கம் டாக்ஸ்ல எல்லையைத் தாண்டின பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே முழு விலைக்கும் விகிதம் மாறிடும். 9.90 லட்சம் காருக்கு வரி ₹1,28,700. 10.10 லட்சம் காருக்கு ₹1,81,800. விலையில 20,000 வித்தியாசம், வரியில 53,100 வித்தியாசம்! எந்த வேரியன்ட் எடுக்கறதுன்னு யோசிக்கும்போது சன்ரூஃபை விட இதை முதல்ல பாருங்க.

சரி, அந்த 1.17 லட்சம் எங்கே போகுது?

பேருதான் ரோடு டாக்ஸ். அரசியலமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில, மாநிலப் பட்டியல் 57-ஆவது இனத்தில் "வாகனங்கள் மீதான வரி" இருக்கு. அதனால இது மாநில அரசோட வரி. மாநிலத்தோட பொதுக் கணக்குல போய்ச் சேருது. சம்பளம், பென்ஷன், கடன் வட்டி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலை எல்லாத்துக்கும் அதே கணக்குல இருந்துதான் செலவு. உங்க வண்டிக்காசு உங்க தெருவுக்குத்தான் வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

தமிழ்நாட்டுல மாநிலத்தோட சொந்த வரி வருவாயில 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் குடுக்கற முறை இருக்கு. அந்தக் கணக்குல உங்க 1.17 லட்சத்துல சுமார் 11,700 ரூபாய் உள்ளாட்சிப் பக்கம் போகுதுன்னு வெச்சுக்கலாம். ஆனா அது மாநிலத்துல இருக்கற எல்லா ஊராட்சிக்கும், பேரூராட்சிக்கும், நகராட்சிக்கும், மாநகராட்சிக்கும் சேர்த்து. உங்க தெருவுக்கு எவ்வளவுன்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

இதை ஏமாத்து வேலைன்னு நினைக்க வேண்டாம். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. 1954-ல ஷிரூர் மடம் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிச்சு. அப்போதைய மெட்ராஸ் மாகாணத்து அறநிலையச் சட்டம் சம்பந்தப்பட்ட வழக்கு, சிஏ படிக்கறவங்களும் சட்டம் படிக்கறவங்களும் கடந்து வந்திருப்பீங்க. கட்டணம்னா ஒரு குறிப்பிட்ட சேவைக்காக வாங்கறது. வரின்னா பொதுச் செலவுக்கு வாங்கறது, பதிலுக்கு உனக்கு இதைச் செஞ்சு தரேன்னு வாக்குறுதி கிடையாது. ரோடு டாக்ஸ் ரெண்டாவது ரகம்.

அப்போ வண்டிக்காரங்ககிட்ட வாங்கற காசை அதே ஊர்த் தெருவுக்குச் செலவு பண்ற முறை எங்கேயாவது இருக்கா? இருக்கு. நம்ம ஆட்கள் நிறைய பேர் வேலை பார்க்கற அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தையே எடுத்துக்குவோம்.

அங்கே வாஷிங்டன் மாநிலத்துல வண்டிப் பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அந்த பில்லை "கார் டேப்"னு சொல்வாங்க. ஒரு நகரம் தன்னோட எல்லைக்குள்ள "போக்குவரத்து நலப் பகுதி"ன்னு ஒரு தனி அமைப்பு உருவாக்கி, அந்த பில்லோட ஒரு சின்ன உள்ளூர் கட்டணத்தையும் சேர்த்து வாங்க மாநிலச் சட்டம் அனுமதிக்குது. ஆரம்பத்துல 20 டாலர் வரைக்கும் நகரக் கவுன்சிலே முடிவு பண்ணலாம். அதுக்கு மேல 100 டாலர் வரை போகணும்னா மக்கள்கிட்ட ஓட்டுக் கேக்கணும். 2015-ல சட்டம் மாறினதுக்கு அப்புறம் கவுன்சிலே படிப்படியா 50 டாலர் வரைக்கும் ஏத்த முடியும்.

சியாட்டில் இதை 2010-ல உருவாக்கி, 2011-லிருந்து 20 டாலர் வாங்க ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல இன்னும் 60 டாலர் கேட்டு ஓட்டுக்கு வந்தாங்க. மக்கள் முடியாதுன்னுட்டாங்க. 2014-ல திரும்ப வந்து, இது பஸ் சர்வீஸை அதிகப்படுத்த மட்டும்தான், 2020 கடைசியில தானா முடிஞ்சுடும், வருமானம் குறைஞ்சவங்களுக்கு 20 டாலர் திருப்பித் தருவோம்னு சொன்னாங்க. அப்போ ஜெயிச்சுது. அந்த 60 டாலர் சொன்னபடியே 2020-ல முடிஞ்சும் போச்சு. அடிப்படைக் கட்டணத்தை கவுன்சில் 2021-ல 40, 2024-ல 50 டாலர்னு ஏத்தினாங்க. பாலம் பராமரிப்பு, நடைபாதை, சாலைப் பாதுகாப்புக்கெல்லாம் இதிலிருந்து காசு போகுது.

எனக்கு இதுல பிடிச்சது 50 டாலர்ங்கற தொகை இல்லை, அதைச் சுத்தி இருக்கற கணக்கு ஒழுங்கு. எந்த வேலைக்குன்னு முன்னாடியே சொல்லணும். வருஷா வருஷம் வரவு, செலவு, வேலை எந்த நிலையில இருக்குன்னு அறிக்கை வெளியிடணும். ஒரு வேலையோட செலவு மதிப்பீட்டை விட 20 சதவீதத்துக்கு மேல போனா, மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கணும். ஆடிட் பண்ற ஆளா சொல்றேன், இந்த 20 சதவீத விதி ரொம்ப முக்கியம். காண்ட்ராக்ட் செலவு சத்தமில்லாம ஊதறதுக்கு அது ஒரு தடுப்பு.

இதை வெச்சு சியாட்டில் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. அங்கேயும் சுமார் கால்வாசித் தெருவுல நடைபாதை கிடையாது. 20 டாலர் கட்டணத்துல வருஷத்துக்கு 70–80 லட்சம் டாலர்தான் வரும், ஒரு பெரிய நகரத்துக்கு அது பத்தாது. பெரிய தொகை சொத்துவரி மூலமாத்தான் வருது. 2024 நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட போக்குவரத்து சொத்துவரித் திட்டம் 8 வருஷத்துக்கு 155 கோடி டாலர்! அதோட ஒப்பிட்டா வண்டிக் கட்டணம் மாசாந்திர பராமரிப்புச் செலவு மாதிரிதான்.

அடுத்து நியாயம்னு ஒண்ணு இருக்கு. பழைய டொயோட்டா கொரோலாவுக்கும் புது டெஸ்லாவுக்கும் அதே 50 டாலர். சம்பளம் கம்மியா வாங்கறவருக்குத்தான் இது அதிகமா வலிக்கும். சரி, விலைக்கேத்த மாதிரி வாங்கலாமேன்னா, அதுக்கும் அங்கேயே ஒரு அனுபவம் இருக்கு. மெட்ரோ ரயில் திட்டத்துக்காக 2017-லிருந்து வண்டி மதிப்புல 1.1 சதவீதம் தனியா வாங்கறாங்க. அந்த மதிப்பைக் கணக்குப் போடற பழைய அட்டவணை, வண்டியோட மார்க்கெட் விலையை விட அதிகமா காட்டுச்சு. கார் வெச்சிருந்தவங்களுக்கு பில் எகிறிடுச்சு. கோபம் சேர்ந்து, 2019-ல கார் டேப்பை 30 டாலரா குறைக்கணும்னு மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு நடந்து ஜெயிச்சது. சியாட்டில் நகரம் கோர்ட்டுக்குப் போச்சு. 2020 அக்டோபர்ல மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதுன்னு சொன்னதாலதான் உள்ளூர் கட்டணம் பிழைச்சுது.

(அங்கே வேலை பார்க்கற நண்பர்களுக்கு: ஃபெடரல் ரிட்டர்ன்ல ஐட்டமைஸ் பண்றவங்க, மதிப்பை வெச்சு வாங்கற அந்த 1.1 சதவீதத்தை, மாநில–உள்ளூர் வரிக்கான உச்சவரம்புக்குள்ள கழிக்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கற 50 டாலரைக் கழிக்க முடியாது. பில்லுல ரெண்டும் தனித்தனியா இருக்கும், பார்த்து எடுங்க.)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையோ கோவையோ நாளைக்கே "வண்டிக்கு 500 ரூபாய் தெருக் கட்டணம்"னு தீர்மானம் போட முடியுமா? தானா முடியாது. அதிகாரம் மாநிலத்துகிட்ட இருக்கு. ஆனா மாநிலம் நினைச்சா முடியும். 74-ஆவது திருத்தத்துல வந்த 243எக்ஸ் பிரிவு, வரி விதிக்கற அதிகாரத்தையோ, வசூலான வரியில ஒரு பங்கையோ நகரங்களுக்குக் குடுக்க சட்டமன்றத்துக்கு வழி வெச்சிருக்கு.

என் கருத்து, புதுசா இன்னொரு கட்டணம் வேண்டாம். விலையில 13 சதவீதம் கட்டினவர்கிட்ட மறுபடி கை நீட்டறது நியாயமில்லை. ஏற்கனவே வாங்கற ஆயுட்கால வரியில ஒரு பங்கை, வண்டி எந்த ஊர்ல பதிவாச்சோ அந்த ஊர்க் கணக்குக்கு அனுப்பி, எந்தத் தெருவுல எவ்வளவு செலவாச்சுன்னு வருஷம் ஒரு தடவை போடச் சொன்னா போதும். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் ஒரு கொள்கை கொண்டுவந்தது. கொள்கைக்குக் குறைவில்லை. நிரந்தரமா ஒரு வரவு இருக்கான்னுதான் கேக்கணும். பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல வந்தது. அந்த மாதிரி திட்டப் பணம் ஒரு தடவை வரும், உடைஞ்ச டைல்ஸை மாத்த வருஷா வருஷம் வராது.

இதுல இன்னொரு சுவாரஸ்யம். மாநகராட்சிக்கு நேரடியா போற ஒரு வரியை நீங்க ஏற்கனவே கட்டறீங்க. தொழில் வரி, அதாவது புரொஃபஷனல் டாக்ஸ். சென்னையில அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினா அரையாண்டுக்கு ₹1,250. வருஷத்துக்கு 2,500-க்கு மேல யார்கிட்டயும் வாங்கக் கூடாதுன்னு அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு சொல்லுது. அந்த உச்சவரம்பு 1988-ல வெச்சது, இன்னும் மாறலை. மாசம் 15,000 வாங்கறவரும் 3 லட்சம் வாங்கறவரும் அதே 2,500 கட்டறாங்க. காருக்கு 1.17 லட்சம் மாநிலத்துக்கு, நடக்கற ஊருக்கு வருஷம் 2,500!

உங்க சேலரி ஸ்லிப்பை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் ஆகஸ்ட்–செப்டம்பர், அப்புறம் பிப்ரவரி–மார்ச் மாசங்கள்ல "பி.டி."ன்னு பிடிச்சிருப்பாங்க. பழைய வரிமுறையில இருந்தா இதை வருமானத்துல கழிக்கலாம், புது முறையில முடியாது. பிடிச்ச தொகையை உங்க கம்பெனி மாநகராட்சிக்குக் கட்டியிருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட ரசீது கேக்கலாம், அதுல தப்பில்லை. வேற மாநிலத்துக்கு வேலை மாறும்போது கட்டின ஆயுட்கால வரியில மீதியை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த வீடியோல வருது.