முதுகு வலியும் கழுத்து நெறியும்

முதுகு வலிக்கிறது என்று சொல்லாத உழைப்பாளியைத் தாமிரவருணிக் கரையில் காண்பது அரிது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர், அம்பாசமுத்திரம் வயல்களில் பிசான நடவுக்கு இறங்குவோர் என எல்லோருக்கும் முதுகு வலிக்க ஒரு காரணம் இருக்கிறது. அதனாலேயே வேறு காரணத்தால் வரும் வலி இங்கு எளிதில் மறைந்துகொள்கிறது.

நெல்லையில் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்த்துவரும் நான் அடிக்கடி காணும் நிலை இது. தோள்பட்டைகளுக்கு நடுவே தொடங்கும் வலிக்கு முதலில் தைலம், பிறகு மாத்திரை, ஊசி. சில மாதங்களில் கழுத்தில் நெறி கட்டுகிறது. அது பல்லால் வந்தது என்று பல் பிடுங்கப்படுகிறது. வலிக்கு ஒரு மருத்துவர், நெறிக்கு இன்னொருவர். இரண்டு சீட்டுகளும் ஒரே பையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் எவரும் இருக்கமாட்டார்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே. நெறி என்பது நிணநீர்க் கணுவின் வீக்கம். கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவல் சாவடிகள் அந்தக் கணுக்கள். பல், தொண்டை, தலைப்புண் ஆகியவற்றால் வரும் நெறி தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் வடிந்துவிடும். மாதக்கணக்கில் வலியின்றி வளர்வதும், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத் திரள்வதும், காறை எலும்புக்கு மேலே தோன்றுவதும் வேறு கதை.

அத்தகைய நெறியும் ஓய்வெடுத்தாலும் தணியாத முதுகுவலியும் சேர்ந்து வந்தால், நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது காசநோயை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை உடனிருந்தால் ஐயம் வலுக்கும்; அவை இல்லாமலும் நோய் இருக்கலாம். காசம் என்றால் இருமல் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. அதில் முதலிடம் நிணநீர்க் கணுக்களுக்கு. சித்த மருத்துவம் கண்டமாலை என்று குறிப்பிடும் கழுத்துக் கட்டிகளில் பல இவ்வகையாக இருந்திருக்க வேண்டும். எலும்புகளில் இந்நோய் அதிகம் தாக்குவது முதுகெலும்பை. மூச்சின் வழியே புகும் கிருமி இரத்தத்தில் கலந்து முள்ளெலும்பில் தங்கி, அதை மெல்ல அரிக்கிறது. எலும்பு நொறுங்கினால் கூன் விழும். சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும்.

ஆனால், இவ்விரு அறிகுறிகளும் சேர்ந்தாலே காசநோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. நிணநீர்ப் புற்றுநோயும், வேறோர் உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயும் இதே வேடத்தில் வரக்கூடும். எனவே ஊகித்து மருந்து கொடுக்காமல், நெறியிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிறு விவரம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை உப்புநீரில் இட்டு அனுப்பினால், சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுச் சோதனைகள் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டிவிடும்.

முதுகெலும்பின் பாதிப்பு தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது; எம்.ஆர்.ஐ. அதை முன்கூட்டியே காட்டும். சளிச் சோதனையில் கிருமி இல்லை என்பதால் முதுகெலும்பில் நோய் இல்லை என்றாகாது. காசநோயைக் கண்டறிய இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகளை மத்திய அரசு 2012-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

காரணம் தெரியும் முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது நோயின் தடயத்தை மறைக்கும். சிலவகை ஆன்டிபயாடிக்குகள் காசக் கிருமியை அரைகுறையாக அடக்கிவைத்துக் கண்டறிதலைத் தாமதப்படுத்தும். அரிக்கப்பட்ட எலும்பின்மீது அழுத்தி நீவுவதும் சுளுக்கு எடுப்பதும் ஆபத்தானவை. கால் மரத்தல், நடை தடுமாறுதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நெல்லைத் தமிழுக்குப் பெருமை சேர்த்த புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டு காசநோயால் 42 வயதில் மறைந்தார். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1959-ஆம் ஆண்டு வெளியான சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசநோயிலும் பலர் அறுவை சிகிச்சையின்றி, நடமாடியபடியே குணமடையலாம் என்பதைப் பின்னர் சென்னையில் நடந்த ஆய்வுகள் உறுதி செய்தன. இன்று கழுத்து நெறிக்குப் பொதுவாக 6 மாதங்களும், முதுகெலும்புக்கு ஓராண்டோ அதற்கு மேலோ மருந்து தேவைப்படும். மருந்து இலவசம், சத்துணவுக்கு மத்திய அரசு மாதம் ரூ.1,000 வழங்குகிறது. சிகிச்சையின் இடையில் நெறி சற்றுப் பெருப்பதும் உண்டு. அதைக் கண்டு மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்து இருந்தும் பலர் தாமதமாக வருவதற்கு அச்சமும் ஒரு காரணம். திருமணமாகாத பெண்ணின் கழுத்தில் தோன்றும் கட்டி, துப்பட்டாவுக்குள் மறைக்கப்படுகிறது. நுரையீரல் பாதிக்கப்படாதவரை நெறியிலும் முதுகெலும்பிலும் உள்ள காசநோய் உடனிருப்பவருக்குப் பொதுவாகத் தொற்றுவதில்லை. இதை வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளர் குடியிருப்புகளில் நடக்கும் பரிசோதனை முகாம்களில் இருமலைப் பற்றி மட்டும் கேட்காமல், கழுத்தையும் முதுகையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வட்ட மருத்துவமனைகளிலேயே திசு எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பும் வசதியும் வேண்டும்.

நோயாளிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வலிக்கான சீட்டையும் நெறிக்கான சீட்டையும் ஒரே மருத்துவர் முன் வைத்து, “இரண்டுக்கும் காரணம் ஒன்றா?” என்று கேளுங்கள். காலத்தில் கேட்கப்படும் அந்தக் கேள்வி ஒருவரைத் தம் கால்களால் நடக்க வைக்கும்.