பழைய கேஸ்கட்டை உலர்வாகச் சுரண்டாதீர்!

அக்குறணைப் பகுதித் தோட்டங்களில் லேண்ட்மாஸ்டர் இஞ்சினைக் கழற்றிப் பூட்டும் அன்பர்களே!

பழைய கேஸ்கட்டிலும், சைலன்சரில் சுற்றிய வெப்பத் துணியிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கூரைத் தகட்டில் சேர்க்கிற அதே சாமான்தான். உலர்வாகச் சுரண்டினாலோ, கம்பி பிரஷ் போட்டாலோ, காற்றடித்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சோடு உள்ளே போகும். அப்போது ஒண்ணும் தெரியாது. 20, 30 வருஷம் கழித்து நுரையீரல் புற்றுநோயாக வரலாம்.

ஆகவே முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிடுங்கள். பிறகு மெதுவாகப் பெயர்த்து, ஈரத்தோடேயே பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வேலை செய்த உடுப்போடு லயத்துக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். அதைத் தனியாகத் துவையுங்கள்.

புதுசு வாங்கும்போது, "அஸ்பெஸ்டஸ் இல்லாததா?" என்று கேட்டு வாங்குங்கள். சைலன்சருக்குக் கண்ணாடி நார்ப் பட்டி போதும். ஹெட் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கட் நெடுநாள் தாங்கும்.