பட்டுப்புழுவின் பசியை நிறுத்துவது எது?

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் மல்பெரித் தோட்டம் ஒன்று இருக்கிறது. சென்ற ஆடியில் அந்த விவசாயி போன் செய்தார். "சார், ஐந்தாம் பருவம் வந்து பத்து நாள் ஆச்சு. புழு தின்னுக்கிட்டே இருக்கு, கூடு கட்ட மாட்டேங்குது. தழை தீர்ந்து போச்சு."

ஏழு நாள்களில் பழுக்க வேண்டிய புழுக்கள். நேரில் பார்த்தேன். பால் நோய்க்கான வீக்கமோ, மினுமினுப்போ இல்லை. ஆரோக்கியமாகக் கொழுத்திருந்தன.

நமக்குப் பசியை மூட்டுவது வயிற்றில் சுரக்கும் கிரெலின். போதும் என்று மூளைக்குச் சொல்வது கொழுப்பில் சுரக்கும் லெப்டின். ஹார்மோன் சாவி என்றால், அது பொருந்தும் ஏற்பி பூட்டு. புழுவுக்கும் இப்படி இரண்டு சாவிகள் முக்கியம். தலையில் மூளையை ஒட்டிய சுரப்பி தரும் இளமை ஹார்மோன் ஒன்று. மார்புச் சுரப்பி தரும் எக்டைசோன் இன்னொன்று. எக்டைசோன் கூடும்போது புழு தின்பதை நிறுத்தும். அப்போது இளமை ஹார்மோனும் இருந்தால் தோலுரித்து, மறுபடி புழுவாகவே தின்னத் தொடங்கும். நான்கு தோலுரிப்பும் அப்படித்தான். ஐந்தாம் பருவத்தில் இளமை ஹார்மோன் வடிந்துவிடும். அதன்பின் எக்டைசோன் எழும்பினால் பசி அடங்கி நூல் நூற்கும். இந்த எக்டைசோனை முதலில் பிரித்தவர்கள் ஜெர்மனியின் பூடெனான்ட், கார்ல்சன். 1954இல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்!

புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஐந்தாம் பருவத்தில்தான் போகிறது. பட்டுச் சுரப்பி பருப்பதும் அப்போதுதான். ஆள் இல்லை என்று ஒரு வேளைத் தழையைக் குறைத்தால் கூட்டின் எடையில் தெரியும்.

எல்லாப் புழுவும் ஒன்றாகப் பழுக்க, தாவரத்தில் கிடைக்கும் எக்டைசோன் வகைப் பொருள் கொண்ட 'சம்பூர்ணா'வைத் தழையில் தெளித்துத் தருகிறோம். சந்திரிகையில் விடும் வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுத்த புழு தெரிந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டால் பசி முன்னதாகவே அடைந்து, கூடு சிறுத்துவிடும். பலர் செய்யும் தவறு இது.

அந்த விவசாயி விஷயத்துக்கு வருவோம். தெற்கே பக்கத்து வயலில் கத்திரிக்கு வெள்ளை ஈ மருந்து அடித்திருந்தார்கள். காலி டப்பாவைத் தேடி எடுத்துப் படித்தேன்: பைரிப்ராக்சிபென். இது இளமை ஹார்மோனைப் போலவே அதன் பூட்டில் பொருந்தும் கள்ளச் சாவி. காற்றில் வந்து தழையில் படிந்த மிகச் சிறு அளவே புழுவைக் கூடு கட்டவிடாமல் செய்யப் போதும். புழு சாகாது என்பதால் விஷம் என்று சந்தேகமே வராது. நுழைந்த பிறகு மாற்று மருந்தும் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் என்ன மருந்து, எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் வழி.

அந்த வளர்ப்பில் பாதிக்கு மேல் நட்டம். அடுத்த முறை அவர் தெற்கு ஓரத்து வரிசைகளைப் புழுவுக்குப் பறிக்காமல் கவாத்து செய்துவிட்டார். ஏழாம் நாள் காலை புழுக்கள் தழையை விட்டுத் தலை தூக்கின.