மருந்துக்கு அடங்காத கிருமி

தம்பி தங்கைகளே, சக்குபள்ளம் ஊரின் ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பூச்சிமருந்தை விடாமல் அடித்துவந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான பூச்சிகள் சாகும். அந்த மருந்தைத் தாங்கும் சில மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அந்த மருந்து பலிக்காது. மனித உடலுக்குள் எச்.ஐ.வி. என்ற வைரஸும் இப்படித்தான் தப்பிக்கிறது.

இந்த வைரஸ் இந்தியாவிலும் உண்டு என்று தெரியவந்தது 1986-இல். கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ரயிலில் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது!

சுனிதி அதோடு நிற்கவில்லை. 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சையும் நடந்தது, மருந்துக்கு அடங்காத எச்.ஐ.வி. பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. அவர் 2015-இல் காலமானார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சரி, வைரஸ் ஏன் அடங்குவதில்லை? சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. தன் மரபுப்பொருளை நகலெடுக்கும்போது எச்.ஐ.வி. அடிக்கடி பிழை செய்யும், திருத்திக்கொள்ளாது. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்ப உதவிவிடும். லாமிவுடின் என்ற மருந்தைச் செயலிழக்கச் செய்ய, வைரஸின் ஒரு நொதியில் 184-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும்!

அதனால்தான் 1996 முதல் பெரும்பாலும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றிடம் தப்பும் வைரஸ் மற்ற இரண்டிடம் சிக்கிக்கொள்ளும். மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். மாறிய வைரஸ்கள் தலைதூக்கும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் நெடுநாள் நலமாக வாழலாம். அவரோடு விளையாடினாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ எச்.ஐ.வி. தொற்றாது.

இன்னொரு புதிர் குடலில் இருக்கிறது. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பல நமக்கு நன்மை செய்பவை. நோய் எதிர்ப்புச் செல்களும் குடலில்தான் மிகுதி. எச்.ஐ.வி. முதலில் அந்தச் செல்களைத் தாக்குகிறது. குடல்சுவர் பலவீனமாகி, பாக்டீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. உடல் ஓயாமல் அழற்சியில் தவிக்கிறது. மருந்து வைரஸை அடக்கிய பிறகும் இந்தச் சேதம் முழுதாக ஆறுவதில்லை.

நல்ல பாக்டீரியாக்களை வளர்த்துக் குடல்சுவரை மீட்க முடியுமா? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. நுண்ணுயிரியல் படிக்கப்போகும் உங்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது!