பேரப்பிள்ளைகள் தாங்களாகவே விரும்பி விளையாட: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

கேமரன் மலைத் தோட்டங்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. அங்கே பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை முதலில் பார்ப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான். பிள்ளை பயிற்சிக்குப் போனதா, கால் வலிக்கிறதா, தோற்றுவிட்டு முகம் வாடி வந்திருக்கிறதா என்பது உங்களுக்கே முதலில் தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல், பிள்ளை மறுநாள் திடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யலாம்.

விளையாட்டு ஏன் முக்கியம்?

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலேசியாவில் நீரிழிவு நோய் இந்தியரிடையே அதிகமாகக் காணப்படுகிறது. பதக்கம் ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். ஆனால் உடலை அசைக்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கலாம். பிறர் தள்ளிவிட்டு ஓடும் பிள்ளை, தள்ளுபவர் இல்லாதபோது நின்றுவிடும். தானாக விரும்பி ஓடும் பிள்ளை 40 வயதிலும் நடக்கும், ஓடும்.

பரிசு காட்டினால் ஆர்வம் வளருமா?

"ஜெயிச்சா 20 வெள்ளி தர்றேன்" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம், பரிசு ஏதும் பெறாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை.

பரிசே கூடாது என்பதல்ல இதன் பொருள். விளையாடி முடித்து வந்த பிள்ளைக்குச் சூடாக மைலோ கலக்கிக் கொடுங்கள், பிடித்த பலகாரம் செய்து கொடுங்கள். அதை முன்கூட்டியே விலை பேசாதீர்கள்.

ஆர்வம் நிலைக்க மூன்று தேவைகள்

*1. தானே தேர்ந்தெடுக்கும் உரிமை.* காற்பந்தா, பூப்பந்தா, சிலம்பமா, ஓட்டமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். சிறு வயதில் பலவற்றை முயன்று பார்ப்பது நல்லது. ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் ஈடுபட்டால் ஒரே மூட்டும் தசையும் திரும்பத் திரும்ப அடிபட்டுக் காயம் வரலாம்.

*2. "எனக்கு முன்னேற்றம் தெரிகிறது" என்ற நம்பிக்கை.* பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். "போன மாசம் அந்த மேட்டுல பாதியிலேயே நின்னே, இப்ப உச்சி வரைக்கும் ஓடுறியே" என்று சொல்லுங்கள். 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரையுள்ள மலைச்சாலையை விடச் சற்று அதிகமான தூரம் அது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்தார். அத்தகைய உடல் வலிமை ஒரு நாளில் வருவதல்ல, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது.

*3. "என்னோடு ஆள் இருக்கிறது" என்ற உணர்வு.* தோற்றாலும் வென்றாலும் வீட்டில் அதே முகம் காட்டுங்கள். முடிந்தால் திடலோரம் வந்து உட்காருங்கள். அங்கிருந்து கத்தி வழிகாட்ட வேண்டாம். அது பயிற்றுநரின் வேலை.

பெண் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள்

"வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கு" என்று சொல்லிப் பல பேத்திகளின் விளையாட்டு இடைநிலைப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. மாதவிடாய் நாளில் விளையாடுவதால் உடலுக்குக் கெடுதல் இல்லை. அதிக வலியோ களைப்போ இருந்தால் அன்று மட்டும் ஓய்வு எடுக்கட்டும். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதை உங்களில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலில் அவருக்கே வழங்கப்பட்டது.

படிப்பு கெடுமா?

அதே 1966 போட்டியில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசன் ஒரு மருத்துவர். 1968-இல் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. பின்னாளில் சுகாதார அமைச்சில் உயர் பதவி வகித்தார். படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து நடத்தத் தேவையானது நேர ஒழுங்கும் தூக்கமும்தான். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் கைப்பேசியை வாங்கி வைப்பது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதியே

வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி இல்லாமல் இருக்கட்டும். வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 12 வயது என்றால் 12 மணி நேரத்துக்குள். காயம் பட்ட பிள்ளையை "சும்மா உட்காராதே" என்று விரட்ட வேண்டாம். சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் சாலை விபத்தில் காயமடைந்து, அவ்வாண்டு காமன்வெல்த் போட்டியில் கலந்துகொள்ள முடியாமல் போனது. மறு ஆண்டு ஹாங்சோவ் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்றார். காத்திருந்து குணமானவர்கள் திரும்பி வர முடியும்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

• ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு வலி, வீக்கம், நொண்டல்
• ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல்
• தலையில் அடிபட்டபின் வாந்தி, தலைவலி, தடுமாற்றம்
• முன்பு விரும்பிய விளையாட்டை வெறுத்து, உண்ணாமல், தூங்காமல் இருப்பது

நெஞ்சு வலி, மயக்கம், தலைக் காயம் என்றால் விளையாட்டை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றவற்றுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டலாம்.

இன்று மாலை என்ன கேட்கலாம்?

"ஜெயிச்சியா?" என்பதற்குப் பதிலாக இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

• "இன்னிக்கு எது நல்லா வந்துச்சு?"
• "எது கஷ்டமா இருந்துச்சு?"
• "நாளைக்கு எதைப் பண்ணிப் பார்க்கப் போற?"

கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பதிலைப் பிள்ளையே தேடிச் சொல்லட்டும்.