தொழுகையில் உள்ளச்சம்

ஐந்து வேளைத் தொழுகையில் கடமையான ரக்அத்துகள், அதாவது தொழுகைச் சுற்றுகள், ஒரு நாளைக்கு 17. நிற்பதும், ருகூவில் குனிவதும், நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்வதும் உடலுக்கு விரைவிலேயே பழகிவிடும். பழகிவிட்டதாலேயே மனம் வேறெங்கோ போய்விடுகிறது. வெற்றி பெற்ற நம்பிக்கையாளர்களின் பண்புகளை வரிசைப்படுத்தும் திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம், தொழுகையில் உள்ளச்சத்தோடு இருப்பதைத்தான் முதலில் வைக்கிறது. குஷூஃ எனப்படும் இந்த உள்ளச்சத்துக்குக் காவலாகவே தொழுகையின் ஒழுங்குகளில் பல அமைந்திருக்கின்றன.

அந்தக் காவல், தொழுகையைத் தொடங்கிவைக்கும் தக்பீருக்கு முன்பே தொடங்குகிறது. உணவு எடுத்து வைத்திருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழ வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி. தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத் கேட்டதும் பள்ளிவாசலுக்கு ஓடி வரக் கூடாது. நிதானமாக நடந்து வந்து, கிடைத்ததை ஜமாஅத்தோடு (கூட்டாக) தொழுது, தவறிய ரக்அத்துகளைப் பிறகு நிறைவு செய்ய வேண்டும். வேலைப்பாடுள்ள போர்வை ஒன்றை அணிந்து தொழுத நபி (ஸல்) அவர்கள், அதன் கோலங்கள் கவனத்தைக் கலைத்ததால் அதை அபூ ஜஹ்ம் என்பவரிடம் கொடுத்தனுப்பி, சாதாரணப் போர்வையைக் கேட்டு வாங்கினார்கள். பளபளக்கும் தொழுகை விரிப்புகளை வாங்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

தொழுகைக்குள் வந்த பின் எல்லாவற்றிலும் முக்கியமானது நிதானம். பள்ளிக்கு வந்து அவசரமாகத் தொழுத ஒருவரிடம், நீர் தொழவில்லை, திரும்பத் தொழும் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். இதைவிட நன்றாகத் தொழத் தெரியாது என்று அவர் சொன்னபோது, ஒவ்வொரு நிலையிலும் உடல் அமைதி அடைந்த பிறகே அடுத்த நிலைக்குப் போக வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். காகம் கொத்துவது போல ஸஜ்தாவை முடிப்பதற்கும் தடை உண்டு. பார்வை ஸஜ்தா செய்யும் இடத்தில் நிற்க வேண்டும். வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், அக்கம்பக்கம் திரும்புவதும், உடையை இழுத்துக்கொண்டிருப்பதும் ஆகாது. தொடர்ந்தாற்போல் மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறித்துவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆனால் இது இரக்கமற்ற கட்டுப்பாடு அல்ல. பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே நபி (ஸல்) அவர்கள் தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவின்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். பாம்போ தேளோ வந்தால் தொழுகையிலேயே அடிக்கலாம்.

மனத்தின் பக்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் அவர் தொழுகைக்கு உயிரூட்டுபவை ஆறு என்கிறார்: மனம் அங்கே இருப்பது, ஓதுவதன் பொருள் புரிவது, கண்ணியம், அச்சம், நம்பிக்கை, நாணம். பொருள் தெரியாமல் அரபியில் ஓதிப் பழகியவர்களுக்கு இரண்டாவதே பெரிய சவால். ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹா அத்தியாயத்தின் பொருளையாவது தாய்மொழியில் கற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் மறதி வரும். எத்தனை ரக்அத் என்று குழம்பினால், உறுதியாகத் தெரிந்த எண்ணிக்கையை வைத்துத் தொழுது, முடிவில் மறதிக்காக இரண்டு ஸஜ்தாக்கள் செய்ய வேண்டும்.

ஜமாஅத்தில் அடுத்தவரின் கவனமும் ஒவ்வொருவரின் பொறுப்பாகிறது. வரிசை நேராக இருக்க வேண்டும். தொழுகை நடத்தும் இமாமை முந்தக் கூடாது. தொழுபவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. இமாமுக்கும் கடமை உண்டு. நீண்ட அத்தியாயங்களை ஓதி மக்களைச் சிரமப்படுத்திய நபித்தோழர் முஆத் (ரலி) கண்டிக்கப்பட்டார். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள்.